தடய அறிவியல் ஆய்வகத் தவறுகளும் பொறுப்பேற்பும்: ‘ஹவ் டு ஃபிக்ஸ் எ டிரக் ஸ்கேண்டல்’ ஆவணத் தொடர் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு அரசு ஆய்வகங்களில் பணியாற்றிய இரு வேதியியலர்களின் முறைகேடுகளால் பல்லாயிரம் போதைப்பொருள் வழக்குகள் தள்ளுபடியாயின. இவ்விரு நிகழ்வுகளையும் எரின் லீ கார் இயக்கிய ‘ஹவ் டு ஃபிக்ஸ் எ டிரக் ஸ்கேண்டல்’ என்னும் நான்கு பகுதி ஆவணத் தொடர் (நெட்ஃபிளிக்ஸ், 2020) எடுத்துரைக்கிறது. தனிமனிதக் குற்றத்தை விரிவாகக் காட்டும் இத்தொடர், அக்குற்றத்தை இயல்வதாக்கிய அமைப்பின் பொறுப்பை எந்த அளவுக்கு வெளிக்கொணர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சான்று ஏற்கப்படும் முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பொய் உரைத்தவர், அதனை ஆராயாது ஏற்றவர், உண்மை தெரிந்தும் மறைத்தவர் என மூவகைப் பொறுப்புகளைப் பிரித்தறிந்தாலன்றி ஆய்வகத் தவறுகளைத் தடுக்க இயலாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: தடய அறிவியல், பொறுப்பேற்பு, ஆவணப்படத் திறனாய்வு, நிபுணர் சான்று, சிலப்பதிகாரம், குறுக்கு விசாரணை.

முன்னுரை

பொறுப்பு என்னும் சொல் ‘பொறு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. சுமையைத் தாங்குதலும் பிறர் செய்த பிழையை மன்னித்தலும் அவ்வினைக்கே உரிய பொருள்கள். ஒரு தவறு நிகழ்ந்தபின் ‘இதற்குப் பொறுப்பு யார்?’ என வினவும்போது, அதைச் செய்தவர் யார் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. அதன் சுமையை யார் தாங்க வேண்டும் என்றும் கேட்கிறோம். இவ்விரு வினாக்களுக்கும் எப்போதும் ஒரே விடை இருப்பதில்லை. செய்தவர் ஒருவராகவும் சுமப்பவர் வேறொருவராகவும் அமைவது உலகியல். குற்ற ஆய்வகங்களின் வரலாற்றில் இந்த இடைவெளி மிகப் பெரியது.

நீதிமன்றத்துக்கு வரும் சான்றுகளுள் ஆய்வகச் சான்றிதழ் தனித்தன்மை உடையது. கண்ணால் கண்ட சாட்சியை வழக்குரைஞர் மடக்கிக் கேட்கலாம். அவருடைய தடுமாற்றத்தை நடுவர் நேரில் காணலாம். முத்திரையும் கையொப்பமும் உடைய ஒரு தாளிடம் கேள்வி கேட்க முடியாது. ‘இப்பொருள் கொக்கெயின்’ என்னும் ஒற்றை வரிக்குப் பின்னே எந்தச் சோதனை நடந்தது, யார் நடத்தினார், நடந்ததா என்பதே அத்தாளில் புலப்படாது. அந்த ஒற்றை வரியை நம்பி ஒருவருடைய வாழ்நாளின் பல ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன. ஆகவே அவ்வரியை எழுதும் கை தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டத்துறைக்கு மட்டும் உரிய வினாவன்று. ஒரு சமூகம் எதை உண்மை என ஏற்கிறது என்பது பற்றிய வினாவுமாகும்.

தொடரின் தலைப்பும் கட்டமைப்பும்

தொடரின் தலைப்பிலுள்ள ‘ஃபிக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பழுதைச் சரிசெய்தல், முடிவை முன்கூட்டியே சூழ்ச்சியால் அமைத்துவிடுதல், போதைக்கு அடிமையானவர் தேடும் ஒருவேளைப் போதை ஆகிய மூன்றும் அச்சொல்லில் அடங்கும். இம்மூன்று பொருள்களும் தொடரின் மூன்று இழைகளாகவே அமைந்துள்ளன. போதைக்கு அடிமையான சோன்யா ஃபராக் என்னும் வேதியியலரின் வாழ்க்கை ஓர் இழை. அக்குற்றத்தின் அளவைச் சுருக்கிக் காட்ட முயன்ற அரசு வழக்குரைஞர்களின் செயல் மற்றோர் இழை. அதனைச் சரிசெய்யப் போராடிய லூக் ரயன் என்னும் வழக்கறிஞரின் தேடல் மூன்றாம் இழை. இவற்றுக்கு இணையாக, பாஸ்டன் நகரின் ஹின்டன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆனி டூக்கான் என்பவரின் வழக்கும் ஊடுபாவாகச் செல்கிறது.

நேர்காணல்கள், நீதிமன்றக் காணொளிகள், ஆவணங்கள் ஆகியவற்றுடன் நடிகர்களைக் கொண்டு மீளுருவாக்கப்பட்ட காட்சிகளும் இத்தொடரில் பயன்படுத்தப்பட்டுள்ளன. கிராண்ட் ஜூரி என்னும் குழுவின் முன் ஃபராக் அளித்த வாக்குமூலம் நடிப்பின் வழியாகவே நமக்குக் காட்டப்படுகிறது. சொற்கள் ஆவணத்துக்குரியவை, முகமும் குரலும் நடிகருடையவை. சான்றின் நம்பகத்தன்மையைப் பொருளாகக் கொண்ட ஒரு படைப்பு, தன் மையச் சான்றையே நடிப்பாக அளிப்பது கருதத்தக்கது. பார்வையாளரின் இரக்கமும் சினமும் அந்த நடிகரின் முகத்தையே பற்றிக்கொள்கின்றன. ஆய்வகத்தின் பதிவேடுகளுக்கும் பூட்டுகளுக்கும் அவ்வாறு பற்றிக்கொள்ளத்தக்க முகம் இல்லை. தொடரின் வலிமையும் வரம்பும் இந்த ஒரு தெரிவிலேயே தொடங்கிவிடுகின்றன.

இரண்டு ஆய்வகங்கள், இருவகைத் தவறுகள்

இரு வழக்குகளும் ஒரே மாநிலத்தில் ஒரே காலப்பகுதியில் நிகழ்ந்தவையாயினும், அவற்றின் இயல்பு வேறு.

டூக்கான் 2003 முதல் 2012 வரை ஹின்டன் ஆய்வகத்தில் பணியாற்றினார். போதைப்பொருள் பகுப்பாய்வு பொதுவாக இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படியில் நிறமாற்றச் சோதனை முதலியவற்றால் பொருள் இன்னதாக இருக்கலாம் எனக் கணிக்கப்படும். இரண்டாம் படியில் வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலையியலும் இணைந்த கருவியால் அது உறுதிசெய்யப்படும். டூக்கான் பல மாதிரிகளில் முதற்படியையே செய்யவில்லை. பார்வைக்கு ஒத்திருந்த மாதிரிகளைத் தொகுத்து, அவற்றுள் சிலவற்றை மட்டும் சோதித்து, எல்லாவற்றுக்கும் முடிவு எழுதினார். உறுதிச் சோதனையின் முடிவு தம் கணிப்புக்கு மாறாக வந்தபோது, வேறு மாதிரியிலிருந்து போதைப்பொருளை எடுத்துக் கலந்து, கணிப்புக்கு ஏற்ப மாதிரியையே மாற்றினார். முதுநிலைப் பட்டம் பெற்றதாக அவர் கூறியதும் பொய். 2013 நவம்பரில் 27 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, மூன்று முதல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஃபராக்கின் தவறு வேறுவகை. மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வகம் விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களையே கொண்டது. ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒப்பீட்டுக்காகத் தூய போதைப்பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும். ஐயத்துக்குரிய மாதிரியின் கருவிப்பதிவை இவற்றின் பதிவோடு ஒப்பிட்டே முடிவு காணப்படும். பொற்கொல்லனுக்கு உரைகல் எவ்வாறோ, வேதியியலருக்கு இவை அவ்வாறு. ஃபராக் முதலில் பயன்படுத்தியது இந்த ஒப்பீட்டுப் பொருளைத்தான். அங்கிருந்த மெத்தாம்ஃபெட்டமினில் தொடங்கிய பழக்கம், பின்னர் வழக்குச் சான்றாக வந்த கொக்கெயின் வரை சென்றது. ஏறத்தாழ எட்டாண்டுகள் இது நீடித்தது. போதையின் பிடியில் இருந்துகொண்டே மாதிரிகளைச் சோதித்தார். நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 2013 ஜனவரியில் மாதிரிகள் காணாமற்போனதைச் சக ஊழியர் கண்டறிந்த பின்னரே கைதானார். 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

டூக்கான் அரசுத் தரப்புக்கு வேண்டிய முடிவை விரைந்து அளித்தார். ஃபராக் தம் உடலுக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டார். முன்னவரின் தவறு மேலிடத்தின் பாராட்டுக்குரிய உழைப்பாகத் தோற்றமளித்தது. பின்னவரின் தவறு யாருடைய கண்ணிலும் படவில்லை. ஒன்று மிகுந்த வெளிச்சத்தில் மறைந்தது. மற்றொன்று இருளில் மறைந்தது. இந்த வேறுபாட்டை உற்றுநோக்கினால், தவறு செய்தவர்களின் உளவியலைக் காட்டிலும் அவர்களைச் சூழ்ந்திருந்த கண்காணிப்பின் தன்மையே ஆய்வுக்குரியது என்பது விளங்கும். தொடர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறதேயன்றி, இவ்வேறுபாட்டிலிருந்து எழும் வினாவை வளர்த்தெடுக்கவில்லை.

தனிமனித வரலாறாகச் சுருங்கும் அமைப்பு

தொடரின் முதற்பகுதிகள் ஃபராக்கின் வாழ்க்கை வரலாற்றுக்கு மிகுந்த இடமளிக்கின்றன. பள்ளிப்பருவத்தில் ஆண்கள் அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய பெண், படிப்பில் சிறந்தவர், நெடுநாள் மனச்சோர்வுக்கு ஆளானவர் என அவருடைய உருவம் படிப்படியாகத் தீட்டப்படுகிறது. இதனால் அவரை அரக்கியாகக் காணாமல் மனிதராகக் காண இயலுகிறது. இது தொடரின் சிறப்பு என்பதில் ஐயமில்லை. போதைப்பொருள் வைத்திருந்தமைக்காகப் பிறரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்ட சான்றிதழ்களை, அதே போதைக்கு ஆட்பட்ட ஒருவர் எழுதினார் என்னும் முரண் எந்த விளக்கமும் இன்றியே உறைக்கிறது.

எனினும், ‘இவர் ஏன் இப்படிச் செய்தார்?’ என்னும் வினா வலுப்பெறப் பெற, ‘எட்டாண்டுகள் எப்படி முடிந்தது?’ என்னும் வினா தேய்கிறது. ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வகம் தரச்சான்று பெறாதது. ஒப்பீட்டுப் பொருள்களின் இருப்பு முறையாகத் தணிக்கை செய்யப்படவில்லை. ஆண்டுக்கொரு முறை ஒருவர் குப்பியை எடுத்து நிறுத்துப் பார்த்திருந்தால், அளவு குறைவது தெரிந்திருக்கும். ஊழியர்களுக்குப் போதைப்பரிசோதனை இல்லை. இவையெல்லாம் மனத்தின் ஆழத்தைத் துருவிக் கண்டறிய வேண்டிய மறைபொருள்கள் அல்ல. தராசும் பதிவேடும் போதுமானவை. மனித மனம் புரிந்துகொள்ள முடியாதது என்னும் முடிவு, நிருவாகத்துக்கு எப்போதும் வசதியான முடிவாகவே அமைந்துவிடுகிறது.

டூக்கானின் வழக்கில் இது இன்னும் தெளிவு. சக ஊழியர்களைக் காட்டிலும் பன்மடங்கு மாதிரிகளை அவர் முடித்தார். 2009-இல் மெலன்டெஸ்-டியாஸ் எதிர் மாசசூசெட்ஸ் வழக்கில், பகுப்பாய்வாளர் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்பின் பகுப்பாய்வாளர்கள் நீதிமன்றத்தில் செலவிடும் நேரம் கூடியது. ஆய்வகத்தில் செலவிடும் நேரம் குறைந்தது. பிறருடைய எண்ணிக்கை சரிந்தபோதும் டூக்கானின் எண்ணிக்கை சரியவில்லை. ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டிய இந்த எண்ணிக்கை, திறமைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 2011 ஜூனில் பதிவேட்டில் எழுதாமல் 90 மாதிரிகளைச் சான்றறையிலிருந்து அவர் எடுத்தது தெரியவந்த பின்னும், அது வெளியே தெரிவிக்கப்பட மாதங்கள் பல ஆயின.

முறைகேடுகளை ஆராயும் மாநிலத் தலைமைக் கண்காணிப்பு அலுவலகம் 2014-இல் அளித்த அறிக்கை, மேலாளர்களின் கண்காணிப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டியபோதும், ஹின்டன் ஆய்வகத்தில் தீய செயல் புரிந்தவர் டூக்கான் ஒருவரே என முடிவுரைத்தது. ‘ஒருவரே’ என்னும் இச்சொல்லில் ஆறுதல் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஃபிரெட் சேன் என்னும் பகுப்பாய்வாளரின் சான்றுகள் எதையும் நம்பலாகாது என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1993-இலேயே அறிவித்திருந்தது. ஹூஸ்டன் காவல்துறை ஆய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவு 2002-இல் மூடப்பட்டது. ஊர்கள் வேறு, ஆண்டுகள் வேறு. ‘ஒருவரே’ என்னும் விளக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. திரும்பத் திரும்ப வரும் ஒன்றை விதிவிலக்கு எனக் கொள்வது தருக்கத்துக்கு ஒவ்வாது.

மறைத்தவர்களின் பொறுப்பு

தொடர் தன் உச்சத்தை அடைவது பிற்பகுதிகளில்தான். கைதுக்குப் பின் ஃபராக்கின் காரிலிருந்து மனநலச் சிகிச்சைக்காக அவர் எழுதிய பயிற்சித் தாள்கள் கைப்பற்றப்பட்டன. போதை வேட்கையையும் பணியிடத்தில் அதற்கு இடங்கொடுத்ததையும் அவரே எழுதிவைத்த தாள்கள் அவை. அவை 2011-ஆம் ஆண்டுக்குரியவை. ஆனால் அவை எதிர்த்தரப்புக்கு அளிக்கப்படவில்லை. 2013-இல் நடந்த விசாரணையில், ஃபராக்கின் முறைகேடு 2012-இன் நடுப்பகுதிக்கு முன் தொடங்கியதற்குச் சான்றில்லை என நீதிமன்றம் கருதியது. ஆறுமாதக் குற்றம் எனக் கணக்கிடப்பட்டதால், அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் தண்டிக்கப்பட்டோரின் கோரிக்கைகள் மதிப்பிழந்தன. லூக் ரயன் மீண்டும் மீண்டும் முயன்று, 2014-இன் இறுதியில் சான்றுப் பெட்டிகளைத் தாமே திறந்து பார்த்தபோதுதான் அத்தாள்கள் வெளிப்பட்டன.

மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த இரு வழக்குரைஞர்களின் செயல் நீதிமன்றத்தின் மீதே இழைக்கப்பட்ட மோசடி என நீதிபதி ரிச்சர்ட் கேரி 2017-இல் தீர்ப்பளித்தார். இவ்விசாரணையின் காணொளிகளைத் தொடர் பயன்படுத்தியுள்ள முறை பாராட்டுக்குரியது. மீளுருவாக்கம் இங்குத் தேவைப்படவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழும் அமைதியே போதுமானதாக இருக்கிறது. ஆய்வகத்தில் நடந்ததைக் காட்டிலும், ஆய்வகத்தில் நடந்ததை அறிந்தபின் அலுவலகத்தில் நடந்ததே கொடிது என்னும் உணர்வைப் பார்வையாளர் அடைகிறார். ஃபராக்குக்கு நோய் இருந்தது. மறைத்தவர்களுக்கு அத்தகைய விளக்கம் எதுவும் இல்லை.

தொடர் கடந்துசெல்லும் ஒரு செய்தி இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. எட்டாண்டுக் காலத் தவறு முழுமையாக வெளிப்பட்டது 2015-இல் ஃபராக் அளித்த வாக்குமூலத்தில்தான். அவ்வாக்குமூலத்தைக் கொண்டு அவர்மீது வழக்குத் தொடுக்கப்படாது என்னும் விலக்களிப்பின் பேரிலேயே அவர் பேசினார். தண்டனை விதிக்கப்பட்டபோது உண்மையின் சிறுபகுதியே தெரிந்திருந்தது. முழு உண்மை தெரிந்தபோது தண்டிக்க வழியில்லை. தண்டனையும் உண்மையும் ஒன்றையொன்று விலக்கிக்கொண்ட நிலை இது. பொறுப்பேற்பு என்பதைத் தண்டனை என்று மட்டும் பொருள்கொள்ளும் எந்த அமைப்பும் இந்த முட்டுச்சந்தில் வந்து நிற்கும். எதிர்பாராத ஆய்வும் வெளித்தணிக்கையும் இருந்திருந்தால், குற்றவாளியின் வாயிலிருந்து உண்மையை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை எழுந்திராது.

மறைத்தவர்கள் பொறுப்பேற்கவும் காலம் பிடித்தது. தொடர் வெளிவந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 2023-இல், அவ்வழக்குரைஞர்களில் ஒருவர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டார். மற்றொருவர் ஓராண்டும் ஒருநாளும் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர்களை மேற்பார்வையிட்டவர் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டார். பகுப்பாய்வாளர் கைதான ஆண்டு 2013. பத்தாண்டு இடைவெளி என்பதே ஒரு விமரிசனம்.

சிலப்பதிகார ஒப்பீடு

நிபுணர் சான்றின் வீழ்ச்சியை நுட்பமாகப் பேசும் பழந்தமிழ்ப் பனுவல் சிலப்பதிகாரம். கோவலன் கொலையை ஊழின் செயலாகவும் அரசியல் பிழையாகவும் காணும் ஆய்வுகள் பல உள்ளன. அதனை நிபுணர் சான்றின் சிக்கலாகவும் காண இடமுண்டு. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அச்சிலம்பு இதுதான் எனச் சான்றளிக்கும் தகுதி உடையவனும் அவனே. சான்றைக் கையாள்பவனே சான்றைக் கவர்ந்தவனாகவும் இருக்கும் நிலை, ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வகத்தின் நிலையினின்று வேறுபட்டதன்று.

கொலைக்களக் காதையில் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. காவலர் கோவலனைக் கண்டதும், இவன் கள்வனாகத் தோன்றவில்லை எனத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் கண்ணீராலோ ஆணையாலோ போக்கவில்லை, நூலறிவால் போக்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் துணைக்கொள்ளும் எட்டினையும் களவு நூல் வழி நின்று விரித்துரைக்கிறான். கண்முன் நிற்கும் மனிதனைப் பற்றி அவன் எதையும் மெய்ப்பிக்கவில்லை. துறைச்சொற்களால் ஐயத்தை மூடிவிடுகிறான். ஆய்வகச் சான்றிதழின் மொழியும் இப்பணியைச் செய்யவல்லது. எளிய மனிதருக்கு எழும் இயல்பான ஐயம், துறையறிவின் முன் நாணி ஒதுங்குகிறது.

வழக்குரை காதையில் சிலம்பு உடைக்கப்படுகிறது; உள்ளிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிக்கிறது. எளிமையான, எவரும் காணத்தக்க, மறுக்க இயலாத சோதனை. அது கொலைக்கு முன் நிகழ்ந்திருக்க வேண்டியது. உறுதிச் சோதனை தண்டனைக்குப் பின் நிகழ்ந்ததே அங்கு அவலம். உண்மை வெளிப்பட்டதும் பாண்டியன் பொற்கொல்லனைப் பிடித்துவருமாறு ஆணையிடவில்லை. அவன் சொல்லை ஆராயாது ஏற்ற தன்னையே குற்றவாளியாக அறிவித்து உயிர்துறக்கிறான். பொய்யுரைத்தவனின் பொறுப்பைக் காட்டிலும், பொய்யை ஏற்றுச் செயல்பட்ட அதிகாரத்தின் பொறுப்பு பெரிது என்னும் கொள்கை இதில் வெளிப்படுகிறது.

ஆயின் காப்பியம் இவ்வறத்தோடு நின்றுவிடவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்த செய்தியை உரைபெறு கட்டுரை தருகிறது. ஒருவன் செய்த தவறுக்கு ஆயிரவர் உயிரிழந்தனர். அரசன் ஏற்ற பொறுப்பு, அடுத்த அரசனின் காலத்தில் ஒரு தொழிற்குழுவின் மீது இறக்கிவைக்கப்பட்டது. பொறுப்பேற்பு இருவகையில் திரியக்கூடும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் படிக்கும்போது அறிகிறோம். ‘ஒருவரே’ எனச் சுருக்குவது ஒரு திரிபு. ‘எல்லாரும்’ எனப் பரப்புவது மற்றொரு திரிபு. இரண்டிலும் சான்றை ஏற்கும் முறை மாறுவதில்லை. அடுத்த சிலம்பும் ஆராயப்படாமலே ஏற்கப்படக்கூடும்.

காப்பிய அரசனுக்கும் தற்கால அரசுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. பாண்டியனின் பொறுப்பு ஓர் உடலில் குடிகொண்டிருந்தது. ஆகவே அதனை ஒரு கணத்தில் ஏற்க முடிந்தது. தற்கால அரசின் பொறுப்பு ஆய்வகம், சுகாதாரத்துறை, காவல்துறை, வழக்குரைஞர் அலுவலகம், நீதிமன்றம் எனப் பகுக்கப்பட்டுள்ளது. பகுக்கப்பட்ட சுமையைத் தனியொருவராக யாரும் உணர்வதில்லை.

பாதிக்கப்பட்டோர் எங்கே?

இத்தொடரின் பெருங்குறை, சிறைப்பட்டோரைக் காட்டும் முறையில் உள்ளது. அவர்களுள் சிலர் திரையில் பேசுகின்றனர். ஆனால் அவர்களுடைய சொற்கள் லூக் ரயனின் போராட்டத்துக்குப் பின்னணியாகவே அமைகின்றன. வழக்குத் தள்ளுபடியானதும் கதை முடிந்த உணர்வு எழுகிறது. 2017 ஏப்ரலில் டூக்கான் தொடர்புடைய 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டன. 2018-இல் ஃபராக் சோதித்த வழக்குகளோடு, ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வகத்தில் 2009 முதல் அவர் கைதாகும் வரை பிறர் சோதித்த வழக்குகளையும் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே தீர்வும் பெரிதாகத் தோன்றுகிறது. தண்டனைக் குறிப்பால் வேலையையும் குடியிருப்பையும் இழந்தவருக்கு, புலம்பெயர்ந்தோராக இருந்து நாடு கடத்தப்பட்டவருக்கு, தள்ளுபடி ஆணை எதைத் திருப்பித் தரும்? கட்டிய கட்டணங்களையும் அபராதங்களையும் திருப்பித் தர 2022-இல் சுமார் 1.4 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது; அதற்கு உரியோர் சுமார் 30,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஐந்நூறு டாலரும் எட்டாது. திருப்பித் தரப்பட்டது பணம், ஆண்டுகள் அல்ல.

இவர்களுள் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்பதையும் நோக்க வேண்டும். சான்றிதழ் வந்துவிட்டது, எதிர்த்து வெல்ல முடியாது, ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்னும் கணக்கே அவர்களை ஒப்புக்கொள்ளச் செய்தது. பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே செல்லாத ஓரமைப்பில், குறுக்கு விசாரணை உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. மெலன்டெஸ்-டியாஸ் வழக்கின் சான்றிதழ்களும் மாசசூசெட்ஸ் அரசு ஆய்வகத்திலிருந்து வந்தவையே. பகுப்பாய்வாளரை நேரில் நிறுத்தினால் திறமையற்றவரும் மோசடி செய்பவரும் வெளிப்படுவர் என்னும் எதிர்பார்ப்பு அத்தீர்ப்பில் இருந்தது. தீர்ப்புக்குப் பின்னரும் டூக்கான் மூன்றாண்டுகள் பணியில் நீடித்தார். உரிமை வழங்கப்பட்டது; அதைப் பயன்படுத்தும் நிலையில் வைக்கப்பட்டோர் மிகச் சிலரே. தொடர் விரித்திருக்க வேண்டிய இடம் இது.

இந்தியச் சூழலில் எழும் வினா

1849-இல் சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்ட வேதியியல் ஆய்வாளர் கூடமே இந்தியாவின் இத்தகைய முதல் ஆய்வகம். அம்மரபின் வழிவந்த நமக்கு, மாசசூசெட்ஸ் செய்தி தொலைநாட்டுப் புதினமன்று. அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை, அவரை நேரில் விசாரிக்காமலேயே சான்றாகப் பயன்படுத்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு இடமளித்தது. நீதிமன்றம் விரும்பினால் நிபுணரை அழைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவும் இதே நிலையைத் தொடர்கிறது. அமெரிக்காவில் 2009-இல் செல்லாது என்றான முறை, இங்குச் சட்டத்தின் பொதுவிதியாக உள்ளது. அதே புதிய சட்டத்தின் 176(3)-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்கிறது. ஆய்வகத்தின் மீது வைக்கப்படும் சுமை பெருகுகிறது. சுமை பெருகும்போது விரைவே திறமை எனக் கொள்ளப்படும் என்பது ஹின்டன் ஆய்வகம் அளித்த பாடம். நம் ஆய்வகங்களில் தவறு நிகழ்கிறது என்பது இதன் பொருளன்று. நிகழ்ந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு எது என்னும் வினாவை நிகழ்வதற்கு முன்பே எழுப்ப வேண்டும் என்பதே பொருள்.

விடை காண முன்மாதிரிகள் உள்ளன. ஆய்வகங்கள் காவல்துறையிலிருந்தும் அரசு வழக்குரைஞர்களிடமிருந்தும் விலகித் தற்சார்புடன் இயங்க வேண்டும் என அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2009-ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. 2005-இல் உருவான டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம், ஆய்வகங்களின் கவனக்குறைவையும் முறைகேட்டையும் விசாரிக்கும் அதிகாரம் பெற்றது. ஹூஸ்டனில் 2014 முதல் ஆய்வகம் காவல்துறைக்கு வெளியே தனி நிறுவனமாக இயங்குகிறது. அங்கு உண்மை வழக்கு மாதிரிகளோடு, சோதனைக்காகவே ஆயத்தம் செய்த மாதிரிகளும் பகுப்பாய்வாளர் அறியாதவாறு கலந்து அனுப்பப்படுகின்றன. இது சிலம்பை முன்கூட்டியே உடைத்துப் பார்க்கும் முறை. தனிமனிதரின் நேர்மையை நம்பியும் இம்முறை நிற்பதில்லை, ஐயுற்றும் நிற்பதில்லை.

முடிவுரை

‘ஹவ் டு ஃபிக்ஸ் எ டிரக் ஸ்கேண்டல்’, ஆய்வகச் சான்றிதழ் ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கையைப் பொதுமக்களிடையே தகர்த்தது. மறைத்தவர்களின் பொறுப்பைச் செய்தவர்களின் பொறுப்புக்கு நிகராக நிறுத்தியது அதன் பெரும்பணி. ஆனால் வாழ்க்கை வரலாற்றின் ஈர்ப்பும் தனியொரு வழக்கறிஞரின் வெற்றியும் சேர்ந்து, ஏற்றவர்களின் பொறுப்பை மங்கச் செய்துவிட்டன. தீயவர் ஒருவர், நல்லவர் ஒருவர் என்னும் அமைப்பில், நடுவே இருந்த பல நூறு பேர் விடுபடுகின்றனர். எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்த மேலாளர், தாளை வாங்கிக் கோப்பில் சேர்த்த வழக்குரைஞர், வினவாது ஏற்ற நீதிபதி ஆகியோர் குற்றம் செய்தவர்கள் அல்லர். அவர்கள் கேட்காத கேள்விகளே குற்றத்துக்கு வழிவிட்டன.

பொறுப்பு என்பது தாங்குதல் என முன்னுரையில் கண்டோம். மாசசூசெட்ஸில் அதனைத் தாங்கியவர்கள் முதலில் சிறைப்பட்டோர். பிறகு இரு வேதியியலர்கள். நெடுநாள் கழித்து, ஒருசில வழக்குரைஞர்கள். இந்த வரிசை தலைகீழானது. கேள்வி கேட்கும் கடமை உடையோரே முதலில் தாங்க வேண்டும். ஓர் ஆய்வகத்தின் நம்பகத்தன்மையை அதன் ஊழியரின் ஒழுக்கத்தால் மட்டும் அளவிடாமல், அவ்வொழுக்கம் தவறும் நாளில் அது எத்தனை நாளில் வெளிப்படும் என்பதாலும் அளவிட வேண்டும். ஆம்ஹெர்ஸ்டில் அதற்கு எட்டாண்டுகள் ஆயின. நம் ஆய்வகங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்னும் வினாவுக்குத் தரவுகளின் வழி விடை காண்பது, தமிழில் தடய அறிவியலும் சட்டமும் இணையும் ஆய்வுகள் மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணி.